சமுதாயக் கல்லூரியில் உளவியல்

கலிஃபோர்னியாவில் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்ததும் எழும் கேள்வி, "எந்தப் பல்கலைக்கழகம்?" என்பதே. 'சமுதாயக் கல்லூரி' என்று விடை சொன்னால் கேட்டவர் முகம் சற்று வாடும். 'உளவியல்' என்றும் சேர்த்துச் சொன்னால் பேச்சே நின்றுவிடும். நான் இரண்டையும் தேர்ந்தெடுத்தவள்.

எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது பணம் பற்றிய பேச்சு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இம்மாநிலத்தவருக்கே ஆண்டுக் கட்டணம் 12,000 டாலரைத் தாண்டும். தங்குமிடமும் உணவும் தனி. வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்பதில் வாப்பா உறுதியாக இருந்தார்கள். சமுதாயக் கல்லூரியிலோ ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரத் தேவையான 60 யூனிட்டுகளுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான். வீட்டில் தங்கி, வார இறுதியில் வேலை பார்த்து, அதை நானே செலுத்தினேன். சேமித்த பணமும் மாநில உதவித்தொகையும் அடுத்த இரண்டாண்டுகளுக்குக் கைகொடுத்தன. வட்டி எங்கள் வாசலை மிதிக்கவில்லை; அல்ஹம்துலில்லாஹ்.

பாடத்தைப் பற்றிய தயக்கம் இதைவிட ஆழமானது. இராமநாதபுரக் கடற்கரையில் உள்ள எங்கள் ஊரில், வாப்பாவின் தங்கையான என் மாமி பல்லாண்டுகளாக மனச்சோர்வில் வாடினார்கள். ஓதிப் பார்த்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஈமான் குறைவு என்றார்கள் சிலர். மருத்துவரிடம் மட்டும் அழைத்துச் செல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று, அதே மாவட்டத்தின் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டார்கள். இறந்தோர் 28 பேர். அதன் பிறகும் எங்கள் தெருவில் மனநோய் மறைக்க வேண்டிய ஒன்றாகவே இருந்தது.

கல்லூரியில் அறிமுக உளவியல், புள்ளியியல், ஆய்வு முறைகள், உயிரியல்சார் உளவியல் ஆகியவற்றைப் படித்தேன். ஒருவருக்கு நேர்ந்ததை எல்லோருக்கும் விதியாக்கக் கூடாது என்பதைப் புள்ளியியல் கற்பித்தது. உடன் படித்தவர்களில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் வருவோரும், பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் படிக்க வந்த தாய்மாரும் இருந்தனர். துயரத்தைப் பற்றிய பாடத்தை, வாழ்ந்து பார்த்தவர்களோடு அமர்ந்து கேட்பது தனிப்பேறு.

பாடநூலில் இல்லாத ஒருவரையும் அக்காலத்தில் அறிந்தேன். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலையும் உள்ளத்தையும் சேர்த்துப் பேணுவது பற்றி எழுதியவர். காரணம் தெரிந்த துயரம் ஒன்று, காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் துயரம் மற்றொன்று என அவர் பிரித்துக் காட்டினார். இரண்டாவதற்கு மருத்துவம் வேண்டும் என்றார். சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியே அதைப் படித்து, ஓர் இரவு வாப்பாவிடம் விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்த வாப்பா, மறுநாள் ஊருக்குத் தொலைபேசியில் பேசினார்கள். மாமி இப்போது மதுரையில் மருத்துவம் பார்க்கிறார்கள். முழுக் குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் உறங்குகிறார்கள், சமைக்கிறார்கள், என்னோடு பேசுகிறார்கள். துஆவும் தொடர்கிறது, மாத்திரையும் தொடர்கிறது.

இவ்வழியை நாடும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும் என்பதை 'அசிஸ்ட்' இணையதளத்தில் முதல் பருவத்திலேயே பாருங்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், உரிய நிபந்தனைகளை நிறைவேற்றுவோருக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்கின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சல்ஸும் அவற்றுள் இல்லை. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உள்ளத்தின் நோய்க்கு மருந்து தேடும் கல்வியும் அத்தேடலில் அடங்கும். உங்கள் பிள்ளை அதை நாடினால் தடுக்காதீர்கள். துஆச் செய்து அனுப்புங்கள்.