நகரும் வீட்டில் நாலு ராத்திரி

மகள் பிரசவத்துக்காக வெளிநாடு போய் வந்த அம்மாக்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மகளுக்குப் பூண்டுக் குழம்பும் பத்தியமும் வைத்து, துணி மடித்து, மூன்று மாதம் ஓடினதே தெரிந்திருக்காது. ஊருக்குத் திரும்பியதும், "மெல்போர்னில் என்ன பார்த்தீங்க?" என்று யாராவது கேட்டால், "மகள் வீட்டு வாஷிங் மெஷினைப் பார்த்தேன்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்!

எனக்கு அப்படி ஆகாமல் காப்பாற்றியது மாப்பிள்ளைதான். "அத்தை, நீங்களும் மாமாவும் ஒரு காம்பர் வேன் எடுத்துக்கிட்டு கிரேட் ஓஷன் ரோடு போய்ட்டு வாங்க. நாலு நாள் நாங்க சமாளிச்சுக்கறோம்" என்றார்.

காம்பர் வேன் என்றால் வேறொன்றுமில்லை. நம் ஊர் பள்ளிக்கூட வேன் அளவுதான். உள்ளே இரண்டு பர்னர் காஸ் அடுப்பு, கைக்குட்டை அளவு ஸிங்க், தண்ணீர்த் தொட்டி, சின்ன ஃப்ரிட்ஜ். பகலில் ஸீட், ராத்திரி அதையே மடக்கிப் போட்டால் கட்டில். இதில் நான் கைப்பிடிக் குக்கர், பருப்பு, அரிசி, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எல்லாவற்றையும் அடுக்கினேன். என்னவர் பார்த்துவிட்டு, "குடித்தனம் போறோமா, டூர் போறோமா?" என்றார். இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அங்கேயும் நம்மைப்போல இடது பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். திருச்சியில் முப்பது வருஷம் கார் ஓட்டியவருக்கு அரை மணியில் கை பழகிவிட்டது. மெல்போர்னிலிருந்து மேற்கே போனால் கடல் இடது கைப்பக்கம் வருகிறது. அதாவது டிரைவருக்கு மலை, பக்கத்தில் உட்காரும் வீட்டுக்காரிக்குச் சமுத்திரம்! டார்க்கேயில் தொடங்கும் இந்தச் சாலை 240 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. லோர்ன் தாண்டியதும் மலையைக் குடைந்து போட்ட வளைவுகள். என் ஜன்னலுக்குக் கீழே பாறையும் நுரையும்தான். "ஏங்க, மெதுவா..." என்று நான் சொன்னதற்குக் கணக்கே இல்லை.

இந்தச் சாலையைப் போட்டவர்கள் யார் தெரியுமோ? முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள். சுமார் 3,000 பேர் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்துமாக உழைத்திருக்கிறார்கள். யுத்தத்தில் திரும்பாமல் போன தோழர்களுக்கு இந்தச் சாலையே நினைவுச் சின்னம். 1924இல் ஒரு கப்பல் பாறையில் தட்டி, பாரம் குறைக்க பீர் பீப்பாய்களைக் கடலில் தள்ளியதாம். அவை கரை ஒதுங்க, இரண்டு வாரம் வேலையே நடக்கவில்லையாம். மனிதர்கள் எங்கும் ஒன்றுதான் போங்கள்!

கென்னட் ரிவர் என்ற இடத்தில் யூகலிப்டஸ் மரக் கிளையில் கோலா கரடிகள். கரடி என்கிறோமே தவிர, கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் ஜாதி. இளம் தாய்மார்களுக்கு ஒரு செய்தி: குட்டி ஆறு மாதம் போலப் பால் மட்டும் குடிக்கிறது. பிறகு நேரே இலைக்குப் போக முடியாது. அந்த இலையில் விஷச் சத்து உண்டு. அதனால் தாய் தன் குடலிலிருந்து கூழ் போன்ற ஒரு கழிவை வெளியேற்றி ஊட்டுகிறது. இலையைச் செரிக்க வேண்டிய நுண்ணுயிர்கள் அதில்தான் குட்டிக்குக் கிடைக்கின்றன. முகத்தைச் சுளிக்காதீர்கள், அதற்கு அதுதான் அன்னப்பிராசனம்!

ராத்திரி எங்கே தங்குவது என்று கேட்பீர்கள். கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்க அங்கே அனுமதியில்லை. ஊருக்கு ஊர் காரவான் பார்க் இருக்கிறது. மின்சார இணைப்பு, வெந்நீர்க் குளியலறை, பொதுச் சமையலறை எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. அப்போலோ பேயில் நான் ரசத்துக்குத் தாளித்த வாசனைக்கு, பக்கத்து அடுப்பில் ஸாஸேஜ் வறுத்துக்கொண்டிருந்த பெண்மணி வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு டம்ளர் கொடுத்தேன். கண்ணில் ஜலம் வர வர முழுக்கக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாளே, பார்க்கணும்!

நாங்கள் போனது ஜூலை, அங்கே கடுங்குளிர். ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. இருட்டினால் கங்காருக்கள் சாலையில் குதிக்கும். அதனால் நாலரைக்கே வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. குளிருகிறதே என்று காஸ் அடுப்பைப் பற்ற வைத்துக் கதவை மூடிக்கொண்டு படுக்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு வாசனையில்லாத விஷம். தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மின்சார ஹீட்டரும் கம்பளியும் போதும். வண்டி ஓடும்போது காஸ் வால்வையும் மூடிவிட வேண்டும்.

இவருக்குச் சர்க்கரை. இன்சுலின் 2 முதல் 8 டிகிரி ஸெல்ஸியஸில் இருக்க வேண்டும். வேனின் சின்ன ஃப்ரிட்ஜில் பின்பக்கத் தகட்டை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது, எறியத்தான் வேண்டும். அதனால் டப்பாவில் போட்டு, துணி சுற்றிக் கதவுப் பக்கம் வைத்தேன். சர்க்கரை திடீரென்று இறங்கினால் கொடுக்க, குளூக்கோஸ் மாத்திரை என் மடியிலேயே இருந்தது.

'பன்னிரண்டு சீடர்கள்' என்று பெயர் பெற்ற சுண்ணாம்புக்கல் தூண்கள்தான் எல்லோரும் பார்க்க ஓடுவது. கடலுக்கு நடுவே, கோபுரம் கோபுரமாக! பன்னிரண்டு என்று பெயரே தவிர, அத்தனை என்றுமே இருந்ததில்லை. அலை அரித்து அரித்து, 2005 ஜூலையில் சுமார் 50 மீட்டர் உயரத் தூண் ஒன்று பொலபொலவென்று சரிந்துவிட்டது. பக்கத்திலேயே 'லண்டன் பாலம்' என்று இரட்டை வளைவாக ஒரு பாறை இருந்தது. 1990 ஜனவரியில் கரையோடு சேர்ந்திருந்த வளைவு இடிந்து விழ, அந்தப் பக்கம் நின்றிருந்த இருவரை ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது.

எனக்கு மனசில் நின்றது இவை அல்ல, லாக் ஆர்ட் கார்ஜ்தான். 1878 ஜூன் 1ஆம் தேதி, இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் பயணம் செய்து மெல்போர்னை நெருங்கிய 'லாக் ஆர்ட்' கப்பல், மூடுபனியில் இங்கே பாறையில் மோதியது. 54 பேரில் பிழைத்தது இரண்டே பேர்: டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமி, ஈவா கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண். கரையேறிவிட்ட டாம், அவள் குரல் கேட்டு மறுபடி கடலில் நீந்திப் போய் இழுத்து வந்திருக்கிறான். அவளுடைய அப்பா, அம்மா, உடன் வந்த சகோதர சகோதரிகள் அனைவரும் போய்விட்டார்கள். இருவருக்கும் கல்யாணம் நடக்கும் என்று ஊரே ஆசைப்பட்டதாம். அவளோ பிறகு கப்பலேறி அயர்லாந்துக்கே திரும்பிவிட்டாள்.

மேலே பாறை உச்சியில் அவர்கள் கல்லறைகள். அங்கேதான் இவர் அந்தப் பேச்சை எடுத்தார். "இங்கேயே இருந்துடுங்களேன்" என்று மகள் கேட்டு ஒரு மாதமாகியிருந்தது. இவருக்குப் பேரனை விட்டு வர மனசில்லை. எனக்கோ கும்பகோணத்தில் 84 வயசு அம்மா. மகள் வீட்டில் நாலு சுவருக்குள் இதை எங்கே வைத்துப் பேசுவது? குரலை உயர்த்தினால் குழந்தை எழுந்துவிடும்!

"உனக்கு என்னதான் தோணுது, சொல்லும்மா" என்றார்.

"அம்மாவுக்கு ஒண்ணுன்னா, நான் வர்றதுக்குள்ளே ஒரு நாள் ஆயிடும். அதை நினைச்சா இங்கே சோறு இறங்கலேங்க."

காற்று அப்படி அடித்தது. ரொம்ப நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, உங்கம்மா இருக்கிற வரைக்கும் நாம ஊர்லேதான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து குழந்தையைப் பார்த்துட்டுப் போவோம்" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் "உங்கம்மா" என்று இவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசி ராத்திரி வார்னம்பூலில். அங்கே கடல்சார் மியூஸியத்தில் ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பீங்கான் மயில் இருக்கிறது. அதே 'லாக் ஆர்ட்' கப்பலில் 1880 மெல்போர்ன் கண்காட்சிக்காக வந்ததாம். அத்தனை பேர் போன கடலில், பெட்டியோடு அனேகமாகச் சேதமில்லாமல் கரை ஒதுங்கியிருக்கிறது!

மறுநாள் காலை லோகன்ஸ் பீச். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் திமிங்கிலங்கள் குட்டி போட இங்கே வருகின்றன. பார்ப்பதற்கென்றே மரமேடை கட்டியிருக்கிறார்கள். பைனாகுலர் கொண்டு போங்கள், பொறுமையையும் கொண்டு போங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கறுப்பாக ஒரு முதுகு, அதை ஒட்டிச் சின்னதாய் இன்னொன்று. பாலூட்டும் அந்த மாதங்களில் தாய் அனேகமாக ஒன்றுமே தின்பதில்லையாம்.

அப்போது மகளிடமிருந்து போன். "என்னம்மா, திமிங்கிலம் பார்த்தீங்களா?"

"பார்த்தோம்டி, குட்டியோட. நீ சாப்பிட்டியா?" என்றேன். மற்றதை வீட்டுக்குப் போய் நேரில்தான் சொல்ல வேண்டும். இவர் வண்டியைக் கிளப்பினார். திரும்புவதற்கு உள்நாட்டு நெடுஞ்சாலை, மூன்று மணி நேரம்.