தெரியாதவற்றின் நோட்டு

ஜேம்ஸ் க்ளிக் 1992ல் வெளியிட்ட ரிச்சர்ட் ஃபெய்ன்மனின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பரீட்சை வருகிறது. ஃபெய்ன்மன் 1939ல் ப்ரின்ஸ்டனில் பௌதிக ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். ஆய்வேட்டுக்கு முன்னால் அங்கே அப்போது வாய்மொழியாக ஒரு தகுதிப் பரீட்சை இருந்தது. பௌதிகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேள்வி வரலாம். அதற்குத் தயாராக, முன்பு படித்த எம்.ஐ.டி.க்குத் திரும்பிப் போய், ஒரு புது நோட்டில் தமக்குத் தெரியாத விஷயங்களின் நோட்டு என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு கிளையையும் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டியிருக்கிறார்.

பரீட்சையில் வானவில்லின் உச்சியில் என்ன நிறம் என்றார்கள். தப்பாகச் சொல்லியிருப்பார், தப்பித்தார். வீலர் ஒரு பாடப்புத்தகத்திலிருந்து படித்தார்: தாறுமாறான கட்டங்களில் உள்ள நூறு அணுக்களின் ஒளி, ஓர் அணுவினுடையதைப்போல் ஐம்பது மடங்கு. நிரூபிக்கவேண்டும். புத்தகம் தவறு, நூறு மடங்கு என்றார் ஃபெய்ன்மன். இல்லாவிட்டால் இரண்டு அணுக்களும் ஓர் அணுவும் ஒரே வெளிச்சம் தரவேண்டி வரும். ராபர்ட்ஸன் சார்பியலில் கேட்டதற்கு அவர் சொன்ன விடை தவறு. ஆனால் பேசியே ஆசிரியரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். தவறென்று பிற்பாடு அவருக்கே தெரிந்தது.

இந்தக் கடைசி விடைதான் என்னை உறுத்துகிறது. சென்ற வருஷம் நண்பர் ஒருவரின் தொகுப்பைப்பற்றி எழுதுகையில், வரிகளில் ஓசையே இல்லை என்றேன். நாலைந்து பேர் பாராட்டினார்கள். நண்பர் பதில் எழுதவில்லை. அதற்குப்பின் கவிதையும் எழுதவில்லை.

ஓசை என்று நான் எதைச் சொன்னேன்? ஆங்கில இலக்கியம் படித்தவன்; அயாம்பிக் அடியைப் பிரிப்பேன். வெண்டளைக்கும் கலித்தளைக்கும் வித்தியாசம் கேட்டால் விழிப்பேன். புதுக்கவிதைக்குத் தளை வேண்டாம் என்பது வேறு. இல்லை என்பவனுக்கு எது இல்லையென்று தெரிந்திருக்கவேண்டும். வங்கியில் நான் பதியும் ஒவ்வொரு கணக்கும் ஓர் அதிகாரி பார்த்து ஒப்பினால்தான் செல்லும். என் கட்டுரையை அப்படி யாரும் பார்க்கவில்லை.

விமர்சகர்களுக்குத் தகுதிப் பரீட்சை வைக்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை. பேசத் தெரிந்தவன் அதிலும் தேறிவிடுவான். நோட்டு மட்டும் எனக்கும் ஆகும். ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் ஓசை என்று எழுதியிருக்கிறேன். கீழே, தளை. நண்பருக்குக் கடிதம் எழுதவேண்டும். அதற்கு முன் அவர் தொகுப்பை, இந்த முறை வாய்விட்டு, படிக்கவேண்டும்.