ஆறு காசுக்கு ஒரு நீர்மூழ்கி

லெக்சர்ஸ் இல்லாத ஒரு கிழமை. ஹொஸ்டலில் சீனியர் அண்ணா ஒருவர் 'அக்ஸிஸ் அண்ட் அல்லைஸ் 1942' பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டாம் உலகப் போரை மேசையில் நடத்துகிற விளையாட்டு. எனக்கு ஜேர்மனி, அவருக்குப் பிரித்தானியா.

நான் கடலுக்கு வாங்கினது முழுக்க நீர்மூழ்கிகள். போர்க்கப்பல் ஒன்று 20 காசு, நீர்மூழ்கி வெறும் 6. தாக்கும்போது பகடையில் 1 அல்லது 2 விழுந்தால்தான் அடி. பெரிய பலம் இல்லை. ஆனால் அது முந்திச் சுடும். அடிபட்ட கப்பல் திருப்பிச் சுடாமலே பலகையை விட்டுப் போய்விடும். நிலைமை சரியில்லை எண்டால் தாண்டு மறையலாம். விமானங்களால் தனிய அதை ஒன்றும் செய்ய ஏலாது.

இவ்வளவையும் ஒரேயொரு காய் குழப்பிவிடும்: டிஸ்ட்ரோயர் எண்ட நாசகாரிக் கப்பல், 8 காசு. அது நின்றால் முந்திச் சுடுவதும் இல்லை, மறைவதும் இல்லை, விமானமும் அடிக்கலாம். அண்ணா காசை மிச்சம் பிடிக்க நாசகாரி வாங்கவில்லை. அவருடைய துருப்புக் காவும் கப்பல்கள் துணையில்லாமல் நின்றன. அவற்றுக்குத் தற்காப்பே கிடையாது. திருப்பிச் சுட ஆளில்லை எண்டால் அவ்வளவும் போய்விடும். இரண்டை ஒரே தரத்தில் எடுத்தேன். கத்திச் சிரித்தேன்.

அண்ணா கோபப்படவில்லை. "அதுக்குள்ள எத்தனை பேர் தம்பி?" எண்டு மட்டும் கேட்டார்.

பகிடிக்குத்தான் கேட்டிருப்பார். எனக்கு அது போகவில்லை. இரவு தேடி வாசித்தேன். 1943 மே மாதத்தில் மட்டும் ஜேர்மனி 40க்கு மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. விளையாட்டில் விமானம் தனிய ஒன்றும் செய்யாது. உண்மையில் ராடார் பூட்டின விமானங்களும் நிறையத் தாட்டிருக்கின்றன. 19ஆம் திகதி போன யூ-954 இல் இருந்த 47 பேரில் ஒருவரும் தப்பவில்லை. அதில் ஒருவர் பீற்றர் டோனிட்ஸ், கடற்படைத் தளபதி கார்ல் டோனிட்ஸின் மகன். வயது 21. என்ர வயசு. ஐந்து நாள் கழித்துத் தகப்பன் வட அத்திலாந்திக்கில் இருந்து நீர்மூழ்கிகளைப் பின்வாங்கச் சொன்னார். பிறகு திரும்பவும் அனுப்பினார். போர் முடியும்போது நீர்மூழ்கிகளில் போன நாலு பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் உயிரோடு இல்லை. அவர்கள் தாட்ட பிரித்தானிய வணிகக் கப்பல்களிலும் பல்லாயிரம் மாலுமிகள் செத்தார்கள்.

நாசிகளுக்காக நான் அழவில்லை. ஆனால் எங்கட வீடுகளில் போரில் போன ஆக்களைப் பேர் சொல்லித்தான் நினைக்கிறோம். மேசையில் மட்டும் ஏன் எனக்கு அது 6 காசாகத் தெரிந்தது?

அடுத்த நாளும் விளையாடினோம். திரும்பவும் நீர்மூழ்கிதான் வாங்கினேன். விளையாட்டு நல்ல விளையாட்டு. ஆனால் அடிபட்ட காய்களைப் பெட்டிக்குள் எறியாமல் மேசை ஓரத்தில் நிரையாக வைக்கிறேன், ரெண்டு பக்கத்துக் காய்களையும்.

தேத்தண்ணி வைக்க இடம் காணாது எண்டு அண்ணா ஏசுகிறார்.