கல்லுக்கு விலை போடாத தராசு

திருவெறும்பூர்ப் பக்கம் பாட்டி காலத்து வெள்ளைக்கல் தோட்டை மாற்றிப் புதுசு வாங்கப் போகிறவர்களுக்கு நகைக்கடையில் முகம் வாடிப்போவது உண்டு. கடைக்காரர் கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தாளில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். தராசில் ஏறுவது தங்கம் மட்டும். "கல்லுக்கு விலை வராதும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

தங்கத்தைப் பற்றி நம்மூர்ப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 22 காரட் என்றால் நூற்றில் 91.6 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும் என்பது வீட்டுப் பேச்சு. 2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியையும் பார்த்து வாங்குகிறார்கள். கல் என்று வரும்போதுதான், "அசலா, டூப்ளிகேட்டா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

இதில் வேடிக்கை, அந்த 'டூப்ளிகேட்' கல்லால் பேர் வாங்கிய ஊரே திருச்சிதான். ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் கண்ணாக இருந்த வைரத்தைப் பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் திருடிப்போனான், அதுவே இன்று மாஸ்கோவில் இருக்கும் 189 காரட் ஓர்லோவ் வைரம் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, திருச்சியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் ஏராளமான குடும்பங்களுக்குச் சோறு போட்டது செயற்கைக் கல்தான்.

அந்தக் கல் கண்ணாடி அல்ல. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் 1902இல் வெளியிட்ட முறைப்படி, அலுமினிய ஆக்சைடு தூளை 2000 டிகிரிக்கு மேற்பட்ட சுடரின் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கினால் கீழே ஒரு படிகம் திரண்டு வளரும். துளி குரோமியம் சேர்த்தால் சிவப்பு. ஒன்றும் சேர்க்காவிட்டால் வெள்ளை. பர்மா மண்ணில் விளையும் மாணிக்கமும் இதே பொருள்தான். லென்ஸில் பார்த்தால் இயற்கைக் கல்லுக்குள் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடும். சுடரில் வளர்ந்ததில் வளைந்து ஓடும்.

1970களில் சோவியத் விஞ்ஞானிகள் வழிகாட்ட வந்தது கியூபிக் சிர்கோனியா, கடைமொழியில் 'அமெரிக்கன் டைமண்ட்'. இதை உருக்கும் சூட்டைத் தாங்க நல்ல பாத்திரம் கிடையாது. அதனால் வெளிப்புறத்தைத் தண்ணீரால் குளிரவைத்து, உருகாமல் நிற்கும் அதன் தூளையே பாத்திரமாக்கிக்கொள்கிறார்கள். அதே அளவு வைரத்தைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு கனம். வைரத்தைவிட வானவில் நிறங்களை அதிகம் சிதறடிக்கும். அளவுக்கு மீறிய அந்த ஜொலிப்பே பழகிய கண்ணுக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆலையிலிருந்து வரும்போது அது வெறும் துண்டு. குச்சி நுனியில் அரக்கை இளக்கிக் கல்லை ஒட்டி, சுழலும் சாணையில் சாய்த்துப் பிடித்துப் பட்டை போட வேண்டும். ஒரு பட்டை முடிந்ததும் குச்சியைக் கொஞ்சம் திருப்பி அடுத்தது. வட்டக் கல்லுக்கு வழக்கமான கணக்கு 57 பட்டை. கோணம் சற்றுப் பிசகினாலும் மேலிருந்து நுழைந்த வெளிச்சம் திரும்பி வராமல் அடிவழியே ஒழுகிவிடும். கல் நடுவில் செத்துக் கிடக்கும். ஏழுகல் தோட்டுக்கோ இந்தப் பாட்டை ஜோடிக்குப் பதினான்கு முறை, அளவு மாறாமல் பட வேண்டும். கண்ணைப் பறித்த மினுக்கில் பாதிக்கு மேல் அந்தக் கையின் வேலை. தராசுக்கு அதை நிறுக்கத் தெரியாது.

சீனாவிலிருந்து இயந்திரம் வெட்டிய கல் மலிவாக வந்து குவிந்ததும் சாணைகள் ஒவ்வொன்றாக நின்றன. பிள்ளைகள் வேறு வேலை தேடிக்கொண்டார்கள்.

இப்போது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் கடைக்கு வந்திருக்கிறது. சூரத்தில் அதை வளர்க்கவும் செய்கிறார்கள், பட்டையும் தீட்டுகிறார்கள். அது முழுக்க முழுக்கக் கார்பன்; வைரமேதான். வாயால் ஊதிப் பார்ப்பது, தாளில் கோடு போட்டு மேலே வைத்துப் பார்ப்பது எதுவும் அதனிடம் பலிக்காது. ஆய்வுக்கூடக் கருவிதான் பிரித்துச் சொல்லும். ஆய்வுக்கூடம் தரும் சான்றிதழில் எடை, நிறம், தெளிவு, பட்டையின் தரம் எல்லாம் வரிசையாக இருக்கும்; பட்டை தீட்டியவர் பெயருக்கு அதிலும் இடம் இல்லை.