இருபத்தெட்டு நாள்

எங்க அக்காவுக்கு மொதப் புள்ள தலையில்லாம பொறந்துச்சி. தலையில்லாம என்றால் மொத்தமாக இல்லாமல் இல்லை. முகம் இருந்தது. கண் ரெண்டும் பிதுங்கிக்கொண்டிருந்தது. புருவத்துக்கு மேலே மண்டை இல்லை. 1987, ஐப்பசி அடைமழை. அப்போ திருச்சி ஜில்லா, இப்போ அரியலூர் மாவட்டம். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் கோபுரம் தெரிகிற தூரத்தில் எங்க சேரி. பெரியாயிதான் பிரசவம் பார்த்தது. ஊர்த்தெருவில் பாதிப் பேரைக் கையில் ஏந்தின பெரியாயி, அன்னைக்குப் புள்ளையைத் துணியில் சுற்றி யாருக்கும் காட்டாமல் வெளியே எடுத்துப் போனது. எனக்கு 12 வயசு. மண்வெட்டியை நான்தான் தூக்கிப்போனேன்.

மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. கிரகணத்தன்னைக்கு அருவாமனையில் கை வச்சிருப்பா. முனி அறைஞ்சிருக்கும். போன சென்மத்துப் பாவம். அக்காவின் மாமியார், "பேயப் பெத்தவள எங்க ஊட்ல சேக்க முடியாது" என்று சொல்லி ஒன்றரை வருசம் கூப்பிட வரவில்லை. ரத்தம் நிற்கவில்லை என்று ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த அம்மா எங்க தெருப்பேரைக் கேட்டுவிட்டு, "நீங்கள்லாம் சுத்தமா இருந்தாத்தானே" என்றார். பெரியாயி அதுக்கப்புறம் ஒரு பிரசவமும் பார்க்கவில்லை. "எங் கைராசி கெட்டுப்போச்சி" என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனது.

அதுக்கு ஒரு பேர் இருக்கிறது என்று எனக்குத் தெரிய ரொம்ப வருசம் ஆச்சு. நரம்புக்குழாய்க் குறைபாடு. கரு உண்டான மூணாவது வாரத்தில் அது வெத்தலை மாதிரித் தட்டையாக இருக்கும். முதுகுப் பக்கம் நீளவாக்கில் ஒரு பள்ளம் விழும். பள்ளத்தின் இரண்டு கரையும் எழும்பி, வளைந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்டு குழாயாகும். மேல்பக்கம் மூளை, கீழ்ப்பக்கம் தண்டுவடம். ஒட்டுவது கழுத்துக்கிட்ட ஆரம்பித்து மேலும் கீழும் போகிறது. மேல்வாய் 25-ஆம் நாள் வாக்கில் மூடும், கீழ்வாய் 28-ஆம் நாள் வாக்கில். மேல்வாய் மூடாவிட்டால் மண்டையோடு உருவாகாது. திறந்து கிடக்கிற மூளை பனிக்குடத் தண்ணீரிலேயே சிதைந்துபோகும். அக்கா புள்ளைக்கு நடந்தது அதுதான். கீழ்வாய் மூடாத புள்ளை முதுகில் கட்டியோடு பிறக்கும். பிழைக்கும். ஆனால் பலதுக்குக் கால் விளங்காது, ஒண்ணுக்கை அடக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் தள்ளிப்போனதே கரு உண்டாகி இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். மிச்சம் இரண்டே வாரம். நடவுக்கும் களைக்கும் முந்திரிக்கொட்டை பொறுக்கவும் போகிறவள், "சூட்டுல தள்ளிப்போச்சி" என்று விட்டுவிடுவாள். நர்சம்மா பேர் எழுதிச் சத்து மாத்திரை கொடுக்கிறபோது எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

காரணம் ஒன்றல்ல. பரம்பரை உண்டு. சர்க்கரை நோய் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கிற வால்புரோயேட் மாத்திரை உண்டு. ஆரம்ப வாரங்களில் கடுங்காய்ச்சலும் உண்டு. அக்காவுக்கு எது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தடுக்கக்கூடிய காரணம் என்று பார்த்தால் ஃபோலிக் அமிலம் என்ற சத்து பத்தாமல் போவதுதான் பெரிசு. கீரையில், பயறில், ஈரலில் இருக்கிற சத்து.

அந்தச் சத்தைக் காட்டிக்கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பம்பாய்ப் பஞ்சாலைக் கூலிப் பெண்கள். கர்ப்பகாலத்தில் ரத்தசோகை வந்து செத்துக்கொண்டிருந்தவர்கள். 1928-இல் அங்கே வந்த லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டரம்மா, அந்த ஏழைகள் தின்பதையே எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். ஈஸ்ட்டில் செய்த மார்மைட் என்ற மலிவான பண்டத்தைக் கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். 1931-இல் அதை எழுதினார். குன்னூரிலும் சென்னையிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். சென்னையில் அவர் இருந்த ஆஸ்பத்திரி இப்போ திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. அன்றைக்கு அதன் பேர் 'கேஸ்ட் அண்ட் கோஷா ஆஸ்பத்திரி'. சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் என்று 1885-இல் தொடங்கியது. பெயர்ப்பலகையிலேயே சாதி. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

1941-இல் அமெரிக்காவில் கீரையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தார்கள். 1965-இல் இங்கிலாந்தில் ஹிப்பர்டும் ஸ்மித்தல்ஸும், இது குறைந்தால் புள்ளை ஊனமாகுமோ என்று எழுதினார்கள். 1991-இல் பதில் வந்தது. ஏற்கெனவே இப்படிப் புள்ளை பெற்ற பெண்களுக்குக் கரு உண்டாகும் முன்னாலிருந்தே நாளுக்கு 4 மில்லிகிராம் கொடுத்தார்கள். மறுபடி வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. மற்றவர்களுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும்.

அக்காவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. 1992-இல் அடுத்த புள்ளை உண்டானபோது, பத்து மாசமும் வயித்தைத் தடவித் தடவித் தலையைத் தேடிக்கொண்டே இருந்தது. நல்லபடியாகத்தான் பிறந்தான்.

"கீரை தின்னா போதும், அதுவும் தின்ன மாட்டாங்க" என்று இப்போதும் சிலபேர் பேசுகிறார்கள். களையெடுக்கும்போது குப்பைக்கீரை, பண்ணைக்கீரை கிள்ளி மடியில் போட்டுக்கொண்டால் ஆண்டை உதறிக் காட்டச் சொல்வார். எங்க அம்மா உதறினதை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்குக் களைக்கு மருந்து அடிக்கிறார்கள், அந்தக் கீரையே இல்லை. ஃபோலிக் அமிலத்தோடு கைகோத்து வேலை செய்கிற பி12 சத்து கீரையில் கிடையாது. கறி, ஈரல், மீன், பால் இவற்றில்தான். எதைத் தின்கிறோம் என்று நம்மை ஒதுக்கினார்களோ அதில்தான். பெருமையாக எழுதிவிடலாம். ஆனால் அதை நாங்க தினமா தின்றோம்? மாடு செத்தால் உண்டு. மத்த நாளில் கஞ்சியும் பச்சமிளகாயும்.

2025 ஜூலையில் ராசேந்திர சோழன் விழாவுக்குப் பிரதமரே எங்க ஊர்க் கோயிலுக்கு வந்தார். அதுக்குப் பிறகு ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மகனுக்குக் கல்யாணமாகி மூணு மாசம். மாத்திரை அட்டையைக் கொடுத்தேன். கோரைப்பாயை விரித்து, இரண்டு ஓரத்தையும் தூக்கி ஒட்டிக் காட்டிச் சொன்னேன்.

"உண்டாவறதுக்கு முன்னாடியேவாடா திங்கணும்?"

"ஆமாக்கா."

"அப்ப கெரகணம் இல்லியா?"

"இல்லக்கா. பெரியாயி கையும் இல்ல."

ரொம்ப நேரம் பேசவில்லை. பாயின் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தது. "அது போயி சேந்துடுச்சே. அதுகிட்ட யாரு சொல்றது?" என்றது. அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு, அட்டையை அரிசிப்பானைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னது.

"அரிசி எடுக்கச்சே ஞாபகம் வரும்."