சின்ன அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

பாட்டு கேட்பது வேறு, பாட்டைப் பதிவு செய்து சோதிப்பது வேறு. கடைமடையில் இயந்திர நடவு வந்தபின் வயலில் குலவைச் சத்தம் குறைந்துவிட்டது. எங்க அம்மாவுக்குத் தெரிந்த நடவுப் பாட்டுகள் அவரோடு போய்விடக் கூடாது. அதற்குத்தான் எனக்கு ஸ்பீக்கர்.

அப்பா ரேடியோ செட் போடுபவர். "பெட்டி பெருசா இருந்தாத்தான்டா சத்தம்" என்பார். திருவிழாப் பொட்டலுக்கு அது சரி. எங்கள் அறையோ பத்துக்குப் பத்து அடி. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடும். 3 மீட்டர் இடைவெளியுள்ள சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் அருகே அது நின்று குமுறும். நீளமும் அகலமும் ஒன்றென்றால் குமுறல் இன்னும் கூடும். வீட்டில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் வாசல் மிதித்தவன் போட்ட கணக்கு இது. பார்த்துவிட்டு, "சரிப்பா, சின்னதே வாங்கு" என்று திருவிழாக் கூலியை எடுத்துக் கொடுத்தார்.

சாதாரண ஸ்பீக்கர் பெரும்பாலும் பேஸை ஏற்றி இனிமை காட்டும். ஸ்டூடியோ மானிட்டர் உள்ளதைச் சொல்லும். 1978இல் வந்த யமஹா என்எஸ்-10 இனிமைக்குப் பேர் வாங்கவில்லை. குறையைக் காட்டிக் கொடுத்ததால்தான் ஸ்டூடியோக்களில் இடம் பிடித்தது.

சின்ன அறைக்கு 5 அங்குல ஊஃபர் தாராளம். மூலையில் வைக்காதீர்கள். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமையணும். பக்கச் சுவரில் பழைய பஞ்சு மெத்தையைச் சாத்தினால் எதிரொலி அடங்கும். அதற்குக் காசு வேண்டாம்.

குனிந்து நட்டுக்கொண்டே பாடிய குரலில், அடிக்கு அடி மூச்சு வாங்கும் சத்தமும் உண்டு. அதுவும் கேட்கணும் நண்பர்களே!