கையால் கற்கிற பிள்ளையாம்

எங்கள் மாலை வகுப்பில் ஒரு கற்றல் செயலியைப் போட்டுப் பார்த்தோம். முதலில் பத்துக் கேள்வி. பிறகு தீர்ப்பு: இவர் பார்த்துக் கற்பவர், அவர் கேட்டுக் கற்பவர். காலனியிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு வந்தது 'செய்து கற்பவர்'. உடனே அவளுக்கு வாசிப்புப் பாடம் குறைந்தது, செய்முறை கூடியது.

எங்களுக்குச் சுருக்கென்றது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றுதானே சொன்னது? குலக்கல்வி என்று எதிர்ப்பு கிளம்பி, 1954இல் காமராஜர் ஆட்சியில் ஒழிந்தது. செயலிக்குச் சாதி தெரியாது, சரி. ஆனால் எழுத்து யாருக்கு வரும், கைவேலை யாருக்கு வரும் என்று பத்துக் கேள்வியில் முடிவுகட்டலாமா தோழர்களே? கற்கும் பாணிக்கேற்பப் பாடம் பிரித்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லையென்று 2008இலேயே ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் எழுதிவிட்டார்கள்.

வேகம் வேறு விஷயம். அது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், போனே இல்லாமல், அட்டைகளை வைத்துக்கொண்டு அவரவர் வேகத்தில் ஏணிப்படி ஏறினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இடறியது பின்னக் கணக்கு. வீட்டுப் போன் அண்ணனிடமிருந்து ஒன்பது மணிக்குமேல்தான் அவள் கைக்கு வரும். இப்போது பாடக் காணொளிகளை நாங்கள் இறக்கி வைக்கிறோம்; வகுப்பிலேயே நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாள். வாசிப்புப் பாடத்தையும் திரும்பச் சேர்த்துவிட்டோம்.